மூன்று ஸ்ட்ரைக்: விளையாட்டுத் திடலிலிருந்து சிறைக்கூடம் வரை

பங்குனி மாதத்துச் சனிக்கிழமையொன்றில் தங்கச்சியின் மகன் தொலைபேசியில் அழைத்தான். குரல் செத்துப்போயிருந்தது.

“பெரியம்மா, என்ர சனலுக்கு ஒரு ஸ்ட்ரைக் விழுந்திட்டுது.”

ஊர்க் கோயில் திருவிழாக்களையும் மாட்டுவண்டிச் சவாரிகளையும் படம்பிடித்து இணையத்தில் போடுகிறவன் அவன். தேர் இழுக்கும் காட்சியொன்றுக்குப் பின்னணியாக ஒரு சினிமாப் பாடலைச் சேர்த்திருக்கிறான். பாடலின் உரிமையாளர்கள் முறையிட, காணொளித் தளம் அந்த வீடியோவை நீக்கிவிட்டு இவனுக்கு ஒரு ‘ஸ்ட்ரைக்’ கொடுத்துவிட்டது. இன்னும் இரண்டு விழுந்தால் சனலே இல்லாமல் போய்விடும் என்றான். மூன்று வருட உழைப்பு.

ஒலிபெருக்கியில் பேசிக்கொண்டிருந்ததால் பக்கத்திலிருந்த அம்மாவுக்கும் அது கேட்டுவிட்டது. “என்ன பிள்ளை, திரும்பவும் ஸ்ட்ரைக்கே? பஸ்காரரோ, ரீச்சர்மாரோ?” என்றார்.

அம்மாவைக் குறை சொல்ல முடியாது. 1980 ஜூலை வேலைநிறுத்தத்தின் பின்னர் ஆயிரக்கணக்கானவர்கள் வேலையிழந்து நின்றதைப் பார்த்த தலைமுறைக்கு ஸ்ட்ரைக் என்றால் வேலைநிறுத்தம்தான். எனக்கு அந்தச் சொல் வானொலிக் கிரிக்கெட் வர்ணனையோடு வந்தது; பந்தை எதிர்கொள்ளும் முனையில் நிற்பவரே ஸ்ட்ரைக்கில் இருப்பவர். பெறாமகனுடைய ஸ்ட்ரைக் இவை இரண்டுமல்ல. அது அமெரிக்காவின் பேஸ்போல் விளையாட்டிலிருந்து வந்தது. அவனுடைய தொலைபேசிக்கு வந்து சேருமுன் அந்தச் சொல் கலிபோர்னியாவின் சட்டப் புத்தகத்துக்குள் புகுந்து, பல்லாயிரம் பேரின் வாழ்நாளைத் தீர்மானித்திருக்கிறது.

அந்தக் கதை எனக்குத் தெரியவந்தது தொழில் வழியாக. சட்ட ஆவணங்களை மொழிபெயர்ப்பதே என் சீவனம். சில வருடங்களுக்கு முன் பல நாடுகளின் தண்டனை முறைகளை ஒப்பிடும் ஆவணமொன்று கைக்கு வந்தது. அதில் ‘த்ரீ ஸ்ட்ரைக்ஸ் லோ’ என்றொரு சொற்றொடர். அவசரத்தில் ‘மூன்று அடிச் சட்டம்’ என்று எழுதிக் கொடுத்துவிட்டேன். மெய்ப்புப் பார்த்தவர் சிவப்புப் பேனையால் வட்டமிட்டு, “இது வாமனர் மாபலியிடம் கேட்ட மூன்றடியா?” என்று ஓரத்தில் எழுதி அனுப்பினார். வெட்கம் பிடுங்கித் தின்றது. அதன் பிறகுதான் பேஸ்போல் விதிகளையும் கலிபோர்னியாச் சட்டத்தையும் அருகருகே வைத்து வாசிக்கத் தொடங்கினேன். வாசிக்க வாசிக்க, அந்தச் சட்டம் விளையாட்டிலிருந்து பெயரை மட்டும் எடுத்துக்கொண்டு விதியை விட்டுவிட்டது என்ற எண்ணம் வலுத்தது.

அடிக்காததற்குப் பெயர் அடி

முதலில் விளையாட்டைப் பார்ப்போம். கிரிக்கெட் தெரிந்தவர்களுக்கு இது கடினமல்ல.

பேஸ்போலில் பந்தெறிபவர் 60 அடி 6 அங்குலம், அதாவது 18.44 மீற்றர் தூரத்திலிருந்து எறிகிறார். கிரிக்கெட் ஆடுகளத்தின் நீளத்தைவிட இது கொஞ்சம் குறைவு. பந்து நிலத்தில் பட்டு எழும்புவதில்லை, நேராகவே வரும். வேகமான பந்தென்றால் அரை வினாடிக்குள் வந்து சேர்ந்துவிடும். அடிப்பவருக்குப் பின்னால் கெச்சர் எனப்படும் காப்பாளர் குந்தியிருப்பார். அவருக்குப் பின்னால் நடுவர்.

இங்கே விக்கெட் கிடையாது. கிரிக்கெட்டில் பந்தை விட்டால் விக்கெட் விழும் என்ற பயத்தில்தான் துடுப்பாட்ட வீரர் விளையாடுகிறார். பேஸ்போலில் அந்தப் பயம் இல்லை. தனக்குப் பிடித்த பந்து வரும்வரை மட்டையைத் தோளில் சாய்த்துக்கொண்டு நாள் முழுவதும் நிற்கலாமே? ஆரம்பகாலத்தில் சிலர் அப்படித்தான் நின்றார்கள். 1845ஆம் ஆண்டு நியூயோர்க் நிக்கர்பொக்கர் கழகம் எழுதிய விதிகளின்படி, மூன்று தடவை மட்டையை வீசித் தவறவிட்டு, மூன்றாவது பந்தைக் காப்பாளர் பிடித்தால்தான் ஆட்டமிழப்பு. வீசாமல் நிற்பவரை எதுவும் செய்ய முடியவில்லை. எனவே 1858இல் நடுவருக்கு ஓர் அதிகாரம் கொடுக்கப்பட்டது: நல்ல பந்தை அடிக்காமல் விட்டால் அதையும் ஒரு ‘ஸ்ட்ரைக்’ என்று அவர் அறிவிக்கலாம்.

அடி என்று பொருள்படும் சொல் அடிக்காததற்குப் பெயரான விசித்திரம் இப்படித்தான் நடந்தது. முதலில் ‘அடிக்க முயன்றது’ என்ற பொருளில் வந்த சொல், பிறகு ‘அடித்திருக்க வேண்டியது’ என்பதையும் தனக்குள் இழுத்துக்கொண்டது. இப்படிப்பட்ட சொல்லை எந்த மொழிபெயர்ப்பாளராலும் நேராகப் பெயர்க்க முடியாது என்று என் வெட்கத்துக்கு நானே மருந்து போட்டுக்கொண்டேன்.

நல்ல பந்து எது என்பதற்கு ஓர் எல்லை உண்டு. அடிப்பவரின் முன்னால் நிலத்தில் பதித்திருக்கும் தட்டின் அகலம் 17 அங்குலம். உயரத்தில், முழங்காற் சிரட்டைக்குக் கீழேயுள்ள குழியிலிருந்து, தோளுக்கும் இடுப்புக்கும் நடுவிலுள்ள கோடு வரை. இந்தப் பெட்டிக்குள்ளால் போகும் பந்தை விட்டால் ஸ்ட்ரைக். கண்ணுக்குத் தெரியாத விக்கெட் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஆனால் கணக்கு ஒருபக்கமானதல்ல. நடுவருக்கு இந்த அதிகாரம் வந்ததும், பந்தெறிபவர்கள் அடிக்கவே முடியாத பந்துகளை எறிந்து விளையாடத் தொடங்கினார்கள். எனவே 1860களில் அவர்களுக்கும் ஒரு கணக்கு வந்தது. பெட்டிக்கு வெளியே போகும் பந்தை அடிப்பவர் தொடாமல் விட்டால் அது ‘போல்’. நான்கு போல் சேர்ந்தால் அடிப்பவர் முதலாவது தளத்துக்கு நடந்தே போகலாம். அந்த நான்கு என்ற எண்ணிக்கை 1889இல்தான் நிலைபெற்றது. ஸ்ட்ரைக்கின் எண்ணிக்கையையும் ஒருமுறை மாற்றிப் பார்த்திருக்கிறார்கள். 1887ஆம் ஆண்டுப் பருவம் முழுவதும் நான்கு ஸ்ட்ரைக் விழுந்தால்தான் ஆட்டமிழப்பு. அடிப்பவர்களின் கை அளவுக்கு மீறி ஓங்கிவிட்டதென்று அடுத்த வருடமே மூன்றுக்குத் திரும்பிவிட்டார்கள். மூன்று என்பது தெய்வவாக்கு அல்ல. ஆட்டம் இரு தரப்புக்கும் சமமாக நடப்பதற்கு எந்த எண் பொருந்துகிறதென்று பார்த்துத் தெரிந்தெடுத்தது.

மூன்றாவதில் இருக்கும் கருணை

இனி வரும் இரண்டு விதிகளில்தான் எனக்கு இந்த விளையாட்டின்மீது மரியாதை வந்தது.

முதலாவது விதி தவறான திசைக்குப் போகும் அடி பற்றியது. பந்து மட்டையில் பட்டு எல்லைக்கோடுகளுக்கு வெளியே போனால் அதுவும் ஒரு ஸ்ட்ரைக். ஆனால் முதல் இரண்டுக்கு மட்டும்தான். இரண்டு ஸ்ட்ரைக் ஏற்கெனவே இருக்கும்போது அப்படி வெளியே போனால் அது கணக்கில் சேராது. மட்டையை வீசாமல் மெல்லத் தட்டிவிடும் ‘பன்ட்’ அடி இதற்கு விதிவிலக்கு. மற்றபடி, கடைசி வாய்ப்பில் நிற்பவரை அரைகுறைத் தவறுக்காக வெளியேற்றக் கூடாது என்பதுதான் விதியின் உள்ளோட்டம்.

2018 ஏப்ரல் 22ஆம் திகதி கலிபோர்னியாவின் அனஹைம் நகரில் நடந்த போட்டியொன்றில், சான் பிரான்சிஸ்கோ ஜயன்ட்ஸ் அணியின் பிரண்டன் பெல்ட் ஒரே தடவையில் 21 பந்துகளை எதிர்கொண்டார். அவற்றில் 16 வெளியே போன அடிகள். மேஜர் லீக்கில் பந்துகளை எண்ணிப் பதியத் தொடங்கிய பிறகு இதுவே அதிகம். கிட்டத்தட்ட 13 நிமிடங்கள் அந்தப் பெட்டிக்கு முன்னால் நின்றார் மனிதர். கடைசியில் அடித்த பந்து பிடிபட்டு ஆட்டமிழந்தார் என்பது வேறு விஷயம்.

இரண்டாவது, காப்பாளர் நழுவவிட்ட மூன்றாவது ஸ்ட்ரைக். 1845இன் பழைய விதியின் எச்சம் இது. மூன்றாவது பந்தைக் காப்பாளர் பிடிக்கத் தவறினால், சில நிபந்தனைகளுக்கு உட்பட்டு, அடிப்பவர் முதலாவது தளத்துக்கு ஓடலாம். ஓடிச் சேர்ந்துவிட்டால் ஆட்டமிழப்பு இல்லை. 1941 ஒக்டோபர் 5ஆம் திகதி உலகத் தொடரின் நான்காவது போட்டி. புரூக்ளின் டொட்ஜர்ஸ் 4-3 என்று முன்னணியில். கடைசிச் சுற்று, இருவர் ஆட்டமிழந்துவிட்டார்கள். யாங்கீஸ் அணியின் டொமி ஹென்ரிக் மூன்றாவது ஸ்ட்ரைக்கை வீசித் தவறவிட்டார். ஆட்டம் முடிந்தது என்று எல்லோரும் நினைத்த அந்தக் கணத்தில், காப்பாளர் மிக்கி ஓவனின் கையிலிருந்து பந்து நழுவி ஓடியது. ஹென்ரிக் ஓடித் தப்பினார். யாங்கீஸ் அதே சுற்றில் நான்கு ஓட்டங்கள் எடுத்து 7-4 என்று வென்றது. மூன்றாவது ஸ்ட்ரைக் விழுந்த பிறகும் ஆட்டம் முடியவில்லை.

எல்லாவற்றையும்விட முக்கியமான விதியை யாரும் விதியென்று சொல்வதே இல்லை. அது அவ்வளவு இயல்பாக இருக்கிறது. ஸ்ட்ரைக் கணக்கு அந்த ஒரு தடவைக்கு மட்டுமே. ஆட்டமிழந்தவர் போய் வாங்கில் உட்காருகிறார், தண்ணீர் குடிக்கிறார், முறை வந்ததும் திரும்பவும் வருகிறார். அப்போது கணக்கு பூச்சியத்திலிருந்து தொடங்கும். ஓர் ஆட்டத்தில் ஒருவர் நான்கு தடவையாவது இப்படி வருவது வழக்கம். ரெஜி ஜக்சன் என்ற வீரர் தன் வாழ்நாளில் 2,597 தடவை மூன்று ஸ்ட்ரைக்கில் ஆட்டமிழந்தார். மேஜர் லீக் வரலாற்றில் அதைவிட அதிகமாக யாரும் அப்படி ஆட்டமிழந்ததில்லை. 1993இல் அவரைப் பேஸ்போலின் புகழ்மண்டபத்தில் சேர்த்தார்கள்.

அதே 1993இல்தான் இந்தச் சொல் திடலைவிட்டு வெளியே வந்து சட்டமாகத் தொடங்கியது.

இரண்டு மரணங்கள், ஒரு சுலோகம்

திரும்பத் திரும்பக் குற்றம் செய்பவருக்குக் கூடிய தண்டனை என்பது பழைய யோசனை. நியூயோர்க் மாநிலத்தில் 1926ஆம் ஆண்டின் பௌம்ஸ் சட்டம் நான்காவது பாரிய குற்றத்துக்கு ஆயுள் சிறை விதித்தது. அதைக் கொண்டுவந்த செனட்டரின் பெயரால் மட்டுமே அது அழைக்கப்பட்டது. விளையாட்டுப் பெயர் எதுவும் இல்லை.

1990களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் குற்றம் பற்றிய அச்சம் உச்சத்தில் இருந்தது. 1992 ஜூனில் கலிபோர்னியாவின் ஃப்ரெஸ்னோ நகரில் கிம்பர் ரெனோல்ட்ஸ் என்ற 18 வயதுப் பெண் கைப்பை பறிக்க வந்தவர்களால் சுட்டுக் கொல்லப்பட்டார். அவருடைய தந்தை மைக் ரெனோல்ட்ஸ் திருமணப் படப்பிடிப்பாளர். மகளைக் கொன்றவர்கள்போல் முன்னரே குற்றப்பதிவு உள்ளவர்கள் திரும்பவும் தெருவுக்கு வரக்கூடாது என்று அவர் சட்டமொன்றின் வரைவோடு அலைந்தார். ஆரம்பத்தில் சட்டமன்றத்தில் அது எடுபடவில்லை. 1993 ஒக்டோபரில் பெட்டலூமா நகரில் 12 வயதுச் சிறுமி பொலி கிளாஸ் தன் வீட்டிலிருந்தே கடத்திச் செல்லப்பட்டுக் கொல்லப்பட்டாள். கொன்றவன் ஏற்கெனவே ஆட்கடத்தலுக்குச் சிறை சென்று நிபந்தனையோடு வெளியே வந்தவன். அதன்பிறகு அந்த வரைவை எதிர்த்துப் பேச அரசியல்வாதிகளுக்குத் துணிவு இருக்கவில்லை.

இந்தத் தகப்பன்மாரின் துயரத்தை நான் இலேசாக எடுக்கவில்லை. பிள்ளையைப் பறிகொடுத்தவர் சட்டம் கேட்பதில் என்ன தவறு? எனக்குள்ள கேள்வி அந்தத் துயரத்துக்குப் போர்த்தப்பட்ட பெயரைப் பற்றியது.

1993 நவம்பரில் வொஷிங்டன் மாநில வாக்காளர்கள் ‘மூன்று ஸ்ட்ரைக், நீ அவுட்’ என்ற சுலோகத்தோடு வந்த சட்டத்தை முதலில் ஏற்றுக்கொண்டார்கள். 1994 ஜனவரியில் ஜனாதிபதி கிளிண்டன் தன் ஆண்டு உரையில் அந்தச் சுலோகத்தைப் பயன்படுத்தினார். மார்ச் 7ஆம் திகதி கலிபோர்னிய ஆளுநர் பீட் வில்சன் சட்டத்தில் கையெழுத்திட்டார். நவம்பரில் அதையே மக்கள் வாக்குக்கு விட்டபோது சுமார் 72 சதவீதத்தினர் ஆதரித்தார்கள். சில வருடங்களுக்குள் இருபதுக்கும் மேற்பட்ட மாநிலங்கள் ஏதோவொரு வடிவில் இதைப் பின்பற்றின. பொலியின் தந்தை மார்க் கிளாஸ் முதலில் ஆதரித்து, கலிபோர்னியச் சட்டத்தின் வாசகத்தைச் சரியாகப் படித்த பிறகு எதிர்ப்பக்கம் போனார். மகளின் பெயரால் வந்த சட்டத்தை எதிர்த்து அவர் பேசினார். அதற்கு அசாத்தியமான துணிவு வேண்டும்.

அப்படி என்ன இருந்தது அந்த வாசகத்தில்? முதல் இரண்டு ‘ஸ்ட்ரைக்’ வன்முறையான அல்லது பாரதூரமான குற்றங்களாக இருக்க வேண்டும். வீடுடைப்பும் அதில் அடங்கும். மூன்றாவது குற்றமோ பாரதூரமானதாக இருக்க வேண்டியதில்லை. சட்டத்தில் ‘பெலனி’ எனப்படும் வகைக்குள் வந்தால் போதும். தண்டனை குறைந்தது 25 வருடம், கூடியது ஆயுள். சிறு திருட்டு வழமையாக அந்த வகைக்குள் வராது. ஆனால் முன்னர் திருட்டுக்குத் தண்டனை பெற்றவர் என்றால், வழக்குத் தொடுநர் விரும்பினால், அதையே பெலனியாக உயர்த்தலாம்.

1994இல் ரெடோண்டோ பீச் துறைமேடையில் ஜெரி வில்லியம்ஸ் என்பவர் சிறுவர்களிடமிருந்து ஒரு துண்டு பீட்சாவைப் பறித்துச் சாப்பிட்டார். முன்குற்றங்கள் இருந்ததால் 1995இல் அவருக்குக் கிடைத்த தண்டனை 25 வருடத்திலிருந்து ஆயுள் வரை. அடுத்த வருடம் கலிபோர்னிய உச்ச நீதிமன்றம், நியாயமான காரணமிருந்தால் பழைய ஸ்ட்ரைக்குகளைக் கணக்கிலிருந்து நீக்க நீதிபதிகளுக்கு அதிகாரம் உண்டென்று தீர்ப்பளித்தது. அதன் பயனாக வில்லியம்ஸின் தண்டனை ஆறு வருடமாகக் குறைந்தது.

லியாண்ட்ரோ அண்ட்ராடேவுக்கு அந்த அதிர்ஷ்டம் இல்லை. 1995 நவம்பரில் இரண்டு கடைகளிலிருந்து ஒன்பது வீடியோ நாடாக்களைக் களிசானுக்குள் சொருகிக்கொண்டு போக முயன்று பிடிபட்டவர் அவர். எல்லாம் சேர்ந்து ஏறத்தாழ 150 டொலர். சிறுபிள்ளைகள் பார்க்கும் படங்களும் அவற்றில் இருந்தன. போதைப்பொருளுக்கு அடிமையான, முன்னாள் இராணுவச் சிப்பாய். அவருடைய பழைய ஸ்ட்ரைக்குகள் 1983இல் தீர்க்கப்பட்ட வீடுடைப்புக் குற்றச்சாட்டுகள். அதாவது ஒரே வழக்கிலிருந்தே ஒன்றுக்கு மேற்பட்ட ஸ்ட்ரைக். பேஸ்போலில் ஒரே வீச்சுக்கு இரண்டு ஸ்ட்ரைக் எண்ணினால் பார்வையாளர்கள் திடலுக்குள் இறங்கிவிடுவார்கள். இரண்டு கடைகளுக்கும் தனித்தனியே 25 வருடம், ஒன்றன்பின் ஒன்றாக. மொத்தம் 50 வருடம். அப்போது அவருக்கு வயது 37.

2000ஆம் ஆண்டில் கெரி ஈவிங் என்பவர் எல் செகுண்டோவிலுள்ள கோல்ப் மைதானக் கடையிலிருந்து, ஒவ்வொன்றும் 399 டொலர் பெறுமதியான மூன்று கோல்ப் மட்டைகளைக் களிசானுக்குள் மறைத்து, நொண்டி நொண்டி வெளியே வந்தார். அந்த நடையைக் கண்டு சந்தேகப்பட்ட ஊழியர் பொலிஸாரை அழைத்தார். ஈவிங் சாதுவல்ல, கத்தியைக் காட்டிக் கொள்ளையடித்த பழைய வழக்கும் அவருக்கு இருந்தது. தண்டனை 25 வருடத்திலிருந்து ஆயுள்.

இருவருடைய வழக்குகளும் அமெரிக்க உச்ச நீதிமன்றம் வரை போயின. கொடூரமான, வழமைக்கு மாறான தண்டனையை அந்நாட்டு அரசியலமைப்பின் எட்டாவது திருத்தம் தடைசெய்கிறது. 2003 மார்ச் 5ஆம் திகதி, இரண்டு வழக்குகளிலும் ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில், இத்தண்டனைகள் செல்லும் என்று தீர்ப்பு வந்தது. ஈவிங் வழக்கில் முதன்மைத் தீர்ப்பை எழுதிய நீதியரசர் சன்ட்ரா டே ஓ’கொனர், திரும்பத் திரும்பக் குற்றம் செய்பவர்களைத் தடுத்துவைக்கும் கொள்கையைத் தெரிவு செய்வது மாநிலத்தின் உரிமை என்ற அடிப்படையில் எழுதினார். அண்ட்ராடே வழக்கில் மாறுபட்ட நீதியரசர் டேவிட் சூட்டர், 37 வயதுக்காரருக்கு 50 வருடம் என்பது விடுதலையே இல்லாத ஆயுள் தண்டனைதான் என்பதைச் சுட்டிக்காட்டினார். 87 வயதுவரை அண்ட்ராடே விடுதலை கேட்கவே முடியாது.

பெயர் செய்த வேலை

மொழிபெயர்ப்பாளராக எனக்கு உறுத்தியது இங்கேதான். ‘மூன்று அடி’ அழிக்கப்பட்ட பிறகு நான் அந்த ஆவணத்தில் ‘மூன்றாவது பெலனிக் குற்றத்துக்கு 25 வருடம் முதல் ஆயுள் வரை சிறை விதிக்கும் சட்டம்’ என்று நீட்டி எழுதினேன். அப்படி எழுதிய உடனே கேள்விகள் முளைத்தன. எந்தக் குற்றம்? எவ்வளவு காலத்துக்குள்? முதல் இரண்டுக்கும் ஏற்கெனவே தண்டனை அனுபவித்துவிட்டாரா? தமிழில் வாசிக்கும் எவரும் இதைத்தான் கேட்பார்கள். ‘மூன்று ஸ்ட்ரைக், நீ அவுட்’ என்று சொல்லும்போது ஓர் அமெரிக்கருக்கு இந்தக் கேள்விகள் எழுவதில்லை. சின்ன வயதிலிருந்து அவர் அறிந்த நியாயம் அது. 1908ஆம் ஆண்டு எழுதப்பட்ட ‘டேக் மீ அவுட் டு த போல் கேம்’ என்ற பாடலில் இந்த எண்ணிக்கை வருகிறது. ஏழாவது சுற்றின் இடைவேளையில் திடல் முழுவதும் எழுந்து நின்று அதைப் பாடும். பாடிப் பழகிய நியாயத்தை யார் சந்தேகிப்பார்?

ஆனால் அந்த நியாயத்தின் பாதிதான் சட்டத்துக்குள் வந்தது. எண்ணிக்கை வந்தது. மறுபக்கக் கணக்கான ‘போல்’ வரவில்லை. பத்து வருடம் ஒழுங்காக வேலைசெய்து பிள்ளை வளர்த்தவர் என்பதற்கு அங்கே புள்ளி இல்லை. கடைசி வாய்ப்பில் அரைகுறைத் தவறை எண்ணாத விதி வரவில்லை. நேர் மாறாக, மூன்றாவதுதான் எவ்வளவு சிறிய தவறாகவும் இருக்கலாம் என்றார்கள். கணக்கு பூச்சியத்துக்குத் திரும்புவதும் வரவில்லை. கலிபோர்னியாவில் ஸ்ட்ரைக் காலாவதியாவதில்லை. இருபது வயதில் விழுந்தது அறுபது வயதிலும் நிற்கும். விளையாட்டில் ‘அவுட்’ என்றால் சற்று நேரம் வாங்கில் இருப்பது. சட்டத்தில் அது சிறையில் முதுமையடைவது.

இந்தச் சட்டத்தால் குற்றம் குறைந்தது என்று ஆதரவாளர்கள் சொன்னார்கள். கலிபோர்னியாவில் குற்றம் குறைந்தது உண்மை. இப்படியொரு சட்டம் இல்லாத நியூயோர்க்கிலும் அதே வருடங்களில் குறைந்தது. சட்டத்தின் கீழ் அடைபட்டவர்களில் கறுப்பினத்தவரின் பங்கு, மாநில மக்கள்தொகையில் அவர்களது பங்கைவிடப் பல மடங்காக இருந்தது.

2004இல் இதைத் தளர்த்தக் கேட்ட வாக்கெடுப்பு தோற்றது. 2012 நவம்பரில் ‘36ஆம் இலக்க முன்மொழிவு’ வென்றது. மூன்றாவது குற்றமும் பாரதூரமானதாக அல்லது வன்முறையானதாக இருக்க வேண்டும் என்பதும், ஏற்கெனவே அடைபட்டவர்கள் சிலர் தண்டனைக் குறைப்புக்கு விண்ணப்பிக்கலாம் என்பதும் அதன் சாரம். ஆதரவு ஏறத்தாழ 69 சதவீதம். பதினெட்டு வருடங்களுக்கு முன் 72 சதவீதம் ஆதரித்த அதே மாநிலம்தான். முதல் ஓராண்டுக்குள் ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் வெளியே வந்தார்கள். 2015இல் கிளிண்டனும் தான் கையெழுத்திட்ட 1994ஆம் ஆண்டுக் குற்றச் சட்டம் நிலைமையை மோசமாக்கியது என்று ஒப்புக்கொண்டார். ஆனால் இரண்டாவது ஸ்ட்ரைக்குக்குத் தண்டனையை இரட்டிப்பாக்கும் பகுதி இன்னும் இருக்கிறது. 2024 நவம்பரில் கலிபோர்னியர்கள், தற்செயலாக அதே 36 என்ற இலக்கம் கொண்ட இன்னொரு முன்மொழிவை ஏற்றார்கள். இருமுறை திருட்டுக்குத் தண்டனை பெற்றவரின் அடுத்த சிறு திருட்டை மீண்டும் பெலனியாக்க அது வழிசெய்கிறது. உச்சம் மூன்று வருடம் என்பதால் பழையதோடு ஒப்பிட முடியாது. என்றாலும் மூன்றாவது என்ற எண்ணின்மீது உள்ள ஈர்ப்பு விட்டபாடில்லை.

சொல் கடலும் கடந்தது. நியூசிலாந்து 2010இல் இதே பெயரில் தண்டனைச் சட்டம் கொண்டுவந்து, 2022இல் நீக்கி, 2024இல் திருத்தங்களோடு திரும்பவும் கொண்டுவந்தது. அங்கே பேஸ்போல் விளையாடுவோர் மிகக் குறைவு. சுலோகத்துக்கு விளையாட்டே தேவைப்படவில்லை. பிரான்ஸ் 2009இல், இணையத்தில் படங்களையும் பாடல்களையும் களவாக இறக்குபவர்களுக்கு மூன்றாவது தடவை இணைப்பையே துண்டிக்கும் சட்டம் கொண்டுவந்தது. துண்டிக்கும் தண்டனையை 2013இல் கைவிட்டது. அந்தக் குடும்பத்தின் இளைய பிள்ளைதான் காணொளித் தளங்களின் ஸ்ட்ரைக்.

இதையெல்லாம் பெறாமகனுக்குச் சொன்னபோது, அவன் அண்ட்ராடேவின் ஒன்பது நாடாக்களில் நின்றுவிட்டான். “படம் களவெடுத்ததுக்கு அம்பது வருசமோ? அப்ப நான் பாட்டுப் போட்டதுக்கு?” என்றான். அவனுடைய தளத்தின் விதிகளை இருவருமாக இருந்து வாசித்தோம். பதிப்புரிமை பற்றிய சிறு பாடமொன்றை முடித்தால் 90 நாட்களில் அந்த ஸ்ட்ரைக் அழிந்துவிடும் என்று இருந்தது. பாடத்தை அன்றே முடித்தான். தேர் வீடியோவை நாதஸ்வரத்தின் இயல்பான ஒலியோடு திரும்ப ஏற்றினான். எனக்கென்னவோ முந்தியதைவிட அது நன்றாகவே இருந்தது.

போன கிழமை அழைத்து, ஸ்ட்ரைக் போய்விட்டது என்றான். அம்மா வழமைபோல் பக்கத்தில்தான் இருந்தார்.

“முடிஞ்சுதே? நல்லது. சம்பளம் கூட்டிக் குடுத்தவையோ?”